தேர் போகாத கரை

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. சாரல் அடிக்கிற பக்கம் யாரும் இருக்க வேண்டாம். பாயை இப்படி இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். சிரித்துக்கொண்டே கேட்கிற கதை இல்லை இது. ஆனாலும் நடுவழியில் உங்களை விட்டுவிட மாட்டேன், கடைசிவரை கூடவே வருவேன். ஒரு தாய் தன் பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் இல்லாமல் போய்விடக் கூடாது என்று பட்ட பாட்டைச் சொல்லப்போகிறேன். பர்மாவில் இந்தத் தன்லியின் ஊரில், கால்வாய் ஓடுகிற நம் பேட்டையில், போன வருஷம் மழை பிடிப்பதற்குச் சற்று முன்னால் நடந்தது.

அந்தத் தாயின் பெயர் ஜெயம்மா. புருஷன் பாலா பஸ் ஓட்டியவன். கொரோனா வந்த வருஷம், காற்று சிலிண்டருக்காக ஜெயம்மா வரிசையில் நின்றுகொண்டிருந்தபோதே வீட்டில் அவன் மூச்சு நின்றுவிட்டது. அவள் ஒரு தையல் ஆலையில் சட்டைக்குக் காலர் வைக்கிறவள். விடிந்ததும் ஆலை வண்டி தெருமுனைக்கு வந்து நிற்கும். ஏறாவிட்டால் மறுநாள் வேறொருத்தி அவள் மிஷினில் உட்கார்ந்திருப்பாள்.

பெண் பவானிக்குப் பன்னிரண்டு வயது. கெட்டிக்காரி. பர்மிய எழுத்தை அச்சடித்ததுபோல் வட்டம் வட்டமாக எழுதுவாள். ஆனால் அவளுக்கு வலிப்பு உண்டு. பட்டணத்தில் பபேடான் கடைத்தெருவில் ஒரு கடையில்தான் அந்த மாத்திரை கிடைக்கும்; கிடைக்கிற மாதம் கிடைக்கும், கிடைக்காத மாதம் வலிப்பு கூடும்.

அவளை முதன்முதலில் சேர்த்தது நெடுஞ்சாலை ஓரத்துப் பள்ளியில். ரோட்டுப் பள்ளி என்பார்கள். அப்போது அவர்கள் அந்தப் பக்கம் வாடகைக்கு இருந்தார்கள். சேர்ந்த புதிதில் குழந்தை வகுப்பில் வலிப்பு வந்து விழுந்து கை கால் இழுத்துக்கொண்டது. பிள்ளைகள் எல்லாம் வெளியே ஓடிவிட்டார்கள். ஏதோ நாட் ஆவி பிடித்திருக்கிறது என்று ஆசிரியை பக்கத்தில் வரவே இல்லை. "வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பாலா வண்டிக்கும் ஜெயம்மா ஆலைக்கும் போய்விட, குழந்தையை வைத்து வெளியே பூட்டினார்கள். ஒரு நாள் ஜெயம்மா வந்து திறந்தபோது பவானி அடுப்பின் பக்கத்தில் விழுந்து கிடந்தாள். இடது முழங்கையில் இருந்து மணிக்கட்டு வரை தோல் வெந்துபோயிருந்தது. அந்தத் தழும்பு அவளோடு வளர்ந்து இப்போது நீளமாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் கால்வாயின் அக்கரைக்குக் குடிவந்தார்கள், புளியமரத்துப் பள்ளிக்காகவே வந்தார்கள். அந்தப் பள்ளி இக்கரையில் இருக்கிறது. பலகைப் பாலத்தைத் தாண்டினால் கூப்பிடு தூரம். அங்கே டோ கின் தான் என்ற பர்மிய அம்மா தலைமை ஆசிரியை. ஆசிரியையம்மா என்கிற அர்த்தத்தில் எல்லாரும் சயாமா என்று கூப்பிடுவார்கள். பவானி முதல் தடவை அங்கே விழுந்தபோது சயாமா ஓடி வந்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, தன் துண்டை மடித்துத் தலைக்குக் கொடுத்தார். மற்ற பிள்ளைகளைப் பார்த்து, "எல்லாரும் பலகையைப் பார்த்து உரக்க வாசியுங்கள்" என்றார். அவர்கள் வாசித்தார்கள். பவானிக்கு நினைவு திரும்பும்போது வகுப்பே பாடத்தைப் பாடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து அதுவே அந்தப் பள்ளியின் வழக்கமாகிவிட்டது. பவானி விழுந்தால் வகுப்பு வாசிக்கும். யாரும் ஓடுவதில்லை, யாரும் அவளை வேறுமாதிரி பார்ப்பதும் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் கோடு வந்தது.

புதிதாகக் கட்டிய மாடி வீடுகளுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். சண்டை நடக்கிற ஊர்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து நிறைந்தார்கள். புளியமரத்துப் பள்ளியில் மூன்று பேர் உட்காருகிற பெஞ்சில் ஐந்து பேர். கல்வி அலுவலகம் எந்தத் தெரு எந்தப் பள்ளிக்கு என்று புதிதாகப் பிரித்து, பேட்டை அலுவலகத்தின் சுவரில் ஒரு படம் ஒட்டியது. நீலக் கோடு ஒன்று கால்வாய் மேலேயே ஓடியது. இக்கரை புளியமரத்துப் பள்ளிக்கு. அக்கரை ரோட்டுப் பள்ளிக்கு.

ஜெயம்மா அந்தப் படத்தின் முன்னால் நின்று தன் வீடு எந்தப் பக்கம் என்று விரலால் தேடினாள். கண்டுபிடித்தும் விரலை எடுக்கவில்லை. பின்னால் நின்றவர், பர்மியில் அக்கா என்கிறதுபோல, "அமா, மறைக்கிறீங்க" என்று சொன்ன பிறகுதான் விலகினாள்.

ஆட்சேபம் சொல்லலாம் என்று ஒரு கூட்டம் போட்டார்கள். பௌத்த மடத்தின் பெரிய கூடத்தில், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு எல்லாரும் பாயில் உட்கார்ந்தார்கள். கல்வி அலுவலகத்திலிருந்து டோ யீ யீ என்ற அம்மா வந்திருந்தார். கையில் இருந்த கோப்பாலேயே விசிறிக்கொண்டிருந்தார். பேச்செல்லாம் பர்மியில்தான், நம் ஆட்கள் நடுநடுவே தமிழில் முணுமுணுத்துக்கொண்டார்கள்.

மாடி வீட்டுக்காரர் ஒருவர் முதலில் எழுந்தார். "வீடு விற்கும்போது பள்ளிக்கூடம் பக்கத்திலேயே என்று சொல்லித்தான் விற்றார்கள். இப்போது என் மகனுக்குப் பெஞ்சில் பாதி உடம்புக்குத்தான் இடம்."

"காலையில மொஹிங்கா ரெண்டாவது கிண்ணத்தை நிறுத்தினா முழு உடம்புக்கும் இடம் கிடைக்கும்" என்றார் ஒருவர் பின்னாலிருந்து. அவர்தான் சுலைமான். பபேடானில் குடைக்கடை வைத்திருப்பவர், வீடு இக்கரையில். அவர் மகள் நாஜியா பவானியோடு ஒரே வகுப்பு. கூடம் சிரித்தது. மாடி வீட்டுக்காரரும் சிரித்துவிட்டார்.

இன்னொருவர் எழுந்தார். அவர் சிரிக்கவில்லை. "அவரவர் ஆட்கள் அவரவர் பள்ளிக்கூடத்தில் இருந்துவிட்டால் வம்பே இல்லை. எதற்கு எல்லாரையும் ஒன்றாக அடைக்கவேண்டும்?"

சயாமா உட்கார்ந்தபடியே பதில் சொன்னார். "என் பள்ளியிலும் வம்பு உண்டு. பந்துக்கு அடித்துக்கொள்வார்கள், பென்சிலுக்கு அடித்துக்கொள்வார்கள். வெளியே இந்த ஊரில் எதற்கெதற்கெல்லாம் அடித்துக்கொண்டார்களோ அதெல்லாம் உள்ளே வந்ததில்லை. பர்மியப் பிள்ளை, கரென் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை எல்லாம் ஒரே பெஞ்சில் முழங்கை இடித்துக்கொண்டு இருக்கிறார்கள். அதனால்தான் வரவில்லை. அவர்களைப் பிரித்துவிட்டு, பிறகு ஒற்றுமையாக இரு என்று நான் எந்தப் புத்தகத்தை வைத்துச் சொல்லிக்கொடுப்பது?"

டோ யீ யீ கோப்பால் விசிறுவதை நிறுத்தினார். "சயாமா, அதை நாங்களும் யோசித்தோம். ஒரே மாதிரிப் பிள்ளைகள் மட்டுமே இருக்கிற பள்ளியாக அது ஆகிவிடக் கூடாது என்றுதான் தமிழ்க் குடும்பங்கள் இருக்கிற தெருக்களை விடாமல் உள்ளே வைத்தோம். நாங்களாக வைக்கவில்லை. உங்கள் கோயில் பெரியவரையே கூட்டிக்கொண்டு நடந்தோம். உங்கள் ஆட்கள் எதுவரை என்று கேட்டோம். அவர் எங்கே நின்றாரோ அங்கேதான் கோடு."

எல்லாத் தலையும் தங்கவேலுவின் பக்கம் திரும்பியது. அவர் மாரியம்மன் கோயிலின் தர்மகர்த்தா. வெள்ளைச் சட்டைமேல் பர்மிய ஜாக்கெட் போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் முகம் முதலில் எதுவும் புரியாமல் இருந்தது. பிறகு புரிந்தது. புரிந்த நேரம் எல்லாருக்கும் தெரிந்தது.

ஜெயம்மா எழுந்து நின்றாள். தமிழில்தான் கேட்டாள். "ஐயா, அப்ப நான் நம்ம ஆளு இல்லீங்களா?"

"உக்காரு ஜெயம்மா."

"நான் உக்காந்தா சரியாயிடுமா? சொல்லுங்க. பங்குனி பங்குனிக்கு மாவிளக்கு யாரு கையால வருது? அக்கரையிலேருந்து வரலையா?"

தங்கவேலு எழுந்தார். கை ஜாக்கெட்டின் பொத்தானைப் பிடித்துக்கொண்டிருந்தது. "அவங்க கேட்டாங்கம்மா, கோயில் ஆளுங்க எதுவரைக்கும்னு. நான் நடந்தேன். கால் அதுக்குப் பழகின வழியில போச்சு. தேர் போற வழி. கால்வாய்க்கிட்ட வந்ததும் நின்னுடுச்சு. நான் வேற எதையும் நெனைக்கல."

கண்ணுகளா, இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு காலத்தில் தேர் அக்கரைக்கும் போய்வந்ததுதான். பிறகு பாலத்துப் பலகைகள் இற்றுப்போயின. ஆள் போகலாம், தேர் போக முடியாது. சுற்றுகிற நேரத்தையும் சுருக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. அதனால் தேர் கால்வாயோரம் வந்து நின்று, திரும்பி, சுலைமான் வீட்டு வாசலில் வடம் பிடிப்பவர்களுக்கு அவர் தருகிற ரோஸ் சர்பத்தைக் குடித்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விடும். அக்கரைக்காரர்கள் தட்டும் தேங்காயுமாகப் பாலம் தாண்டி வந்து நிற்பார்கள். ஒருவரும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. ஏன் எங்கள் வாசலுக்கு வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காமல் இருந்த வழக்கம் இப்படிக் கோடாக மாறும் என்று யாருக்குத் தெரியும்?

தங்கவேலு பர்மியில் சொன்னார். "என் பிழை. அக்கரையிலும் எங்கள் குடும்பங்கள் இருக்கின்றன."

டோ யீ யீ பொறுமையாகத்தான் பேசினார். அதுதான் கொடுமை, கண்ணுகளா. கத்தியிருந்தால் எதிர்த்துக் கத்தியிருக்கலாம். "சரி பெரியவரே. நீங்கள் சொன்னதாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், அக்கரையை உள்ளே கொண்டுவருகிறேன். ஆனால் பெஞ்சு கூடப்போவதில்லை. அதே அளவு பிள்ளைகளை வேறு பக்கத்திலிருந்து வெளியே எடுத்தாக வேண்டும். எங்கே எடுக்கட்டும்? ரயில் வரிசையை எடுத்துவிடட்டுமா?"

ரயில் வரிசை என்பது தண்டவாளத்தை ஒட்டிய பழைய குடியிருப்பு. அங்கேயும் நம் குடும்பங்கள்தான். தங்கவேலுவின் மகள் ராதா அங்கேதான் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகளோடு. கூட்டத்துக்கும் வந்திருந்தாள். மடியில் தூங்கிக்கொண்டிருந்த சின்னவனின் தலையைக் கையால் மூடிக்கொண்டாள்.

தங்கவேலு அவளைப் பார்த்தார். ஜெயம்மாவைப் பார்த்தார். மேசைமேல் பேனா இருந்தது. அவர் மெதுவாக உட்கார்ந்துவிட்டார்.

ஜெயம்மா திரும்பி மற்றப் பெண்களைப் பார்த்தாள். முதல் நாள்வரை ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள், இரவல் உப்பு வாங்கியவர்கள். ஒருத்தி பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி செருப்புத் திருடு போகிறதா என்று பார்ப்பதுபோல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்களைத் திட்டாதீர்கள், செல்லங்களே. ஒவ்வொருத்திக்கும் கோட்டுக்கு உள்ளே ஒரு பிள்ளை இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. விசிறிகள் நின்றன. கூட்டமும் கலைந்தது.

வாசலில் செருப்புக் குவியலுக்கு நடுவில் ஜெயம்மா சயாமாவைப் பிடித்துக்கொண்டாள். "சயாமா, நீங்க சேத்துக்கிட்டா போதும். அவ பாட்டுக்கு ஒரு மூலையில உக்காந்திருப்பா."

சயாமா அவள் கையை விடவில்லை. "கோட்டுக்கு வெளியே இருந்து ஒரு பிள்ளையைச் சேர்த்ததற்காக என் தோழியைப் போன வருஷம் தூர ஊருக்கு மாற்றிவிட்டார்கள். நான் போய்விட்டால் அப்புறம் அந்த வகுப்பை வாசிக்கச் சொல்வதற்கு யார் இருப்பார்கள்? பவானி பெயர் கோட்டுக்கு உள்ளே இருக்கிற ஒரு வீட்டின் குடும்பப் பட்டியலில் இருக்க வேண்டும். இருந்தால் போதும். ஏன் என்று கேட்க மாட்டேன். வெள்ளிக்கிழமையோடு சேர்க்கை முடிகிறது."

மறுநாள் ஜெயம்மா ஆலைக்குப் போகவில்லை. பவானியைக் கூட்டிக்கொண்டு ரோட்டுப் பள்ளிக்குப் போனாள். ஒருவேளை ஆட்கள் மாறியிருக்கலாம், மனசும் மாறியிருக்கலாம் என்று ஓர் ஆசை. துறைமுகத்து லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்த ரோட்டைத் தாண்டவே வெகுநேரம் ஆனது. ஆட்கள் மாறித்தான் இருந்தார்கள். புதுத் தலைமை ஆசிரியர் கடுமையான மனிதர் இல்லை, நாற்காலி கூடக் கொடுத்தார். "ஒரு வகுப்பில் எண்பது பிள்ளைகள்" என்றார். "இனிமேல் இவளுக்கு வலிப்பு வராது என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வாருங்கள். உடனே சேர்த்துக்கொள்கிறேன்."

எந்த டாக்டர் எழுதுவார்?

பவானி வெளியே வந்ததும் கேட்டாள். "அம்மா, அவர் நல்லவர் மாதிரிதானே பேசினார்? அப்ப ஏன் நீ அழறே?"

அன்று பின்னேரமே ஜெயம்மா நீலாம்பாள் வீட்டுக்குப் போனாள். நீலாம்பாள் அவளுக்கு உடன்பிறந்தவள்போல. பவானி பிறந்தபோது தொப்புள்கொடி நறுக்கியதே அவள்தான். வீடு இக்கரையில், கோட்டுக்கு நல்ல உள்ளே.

"ஒரு பேரை மட்டும் சேத்துக்கோ நீலா. சோறு போட வேணாம், பாய் போட வேணாம். பேர் மட்டும்."

நீலாம்பாள் அடுப்பைத் தணித்துவிட்டு ஜன்னலைச் சாத்தினாள். பிறகு பேசினாள். "பேர் மட்டும்னு ஒண்ணு இருக்காடி? புதுப் பேர் ஏறினா எண்ணிப்பாக்க ஆள் வருவாங்க. இத்தனை பேருக்கு இத்தனை தட்டான்னு பாப்பாங்க. மேலே என்ன சத்தம்னு கேப்பாங்க."

மேலே என்றால் பரண். அங்கேதான் அவள் மகன் சிவராஜ் இருந்தான். பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிற சட்டம் வந்த நாளிலிருந்து அவன் தெருவுக்கு வரவில்லை. வடக்கே மாமன் வீட்டுக்குப் போய்விட்டான் என்று சொல்லிவைத்திருந்தார்கள். ஜெயம்மாவுக்கு அது தெரியும். தெரிந்தும் கேட்க வந்தாள் என்றால் அவள் நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"உன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்டி" என்றாள் நீலாம்பாள். "என் பிள்ளைக்கு உசிரு."

"ரெண்டும் ஒண்ணுதான் எனக்கு. பூட்டிட்டுப் போனா அவ ஒரு நாள் அடுப்புல கிடப்பா. இன்னொரு நாள் தண்ணித் தொட்டியில கிடப்பா. எனக்கு எந்தச் சட்டமும் வந்து சொல்ல வேணாம், எனக்கே தெரியும்."

"தெரியும். தெரிஞ்சும் முடியாதுன்னுதான் சொல்றேன். என்னை என்ன வேணா சொல்லிக்கோ."

இரண்டு பேரும் சத்தமில்லாமல் அழுதார்கள். பக்கத்து வீட்டில் கேட்கும் என்று அதற்கும் பயம்.

அடுத்த நாள் சுலைமானும் அவர் மனைவி மைமூனும் பலகைப் பாலம் தாண்டி அக்கரைக்கு வந்தார்கள். மைமூன் கையில் ஒரு தூக்கு. "நாஜியா ரெண்டு நாளா சாப்பிடல. பவானி இல்லாட்டி நானும் பள்ளிக்கூடம் போகலேங்கிறா. இந்தா, அவ தள்ளிவச்ச பிரியாணி. பாவம் பண்ணாம நீங்களாவது சாப்பிடுங்க" என்றாள்.

சுலைமான் வாசலிலேயே உட்கார்ந்தார். வழக்கமாகத் தமாஷாக ஆரம்பிப்பவர் அன்று தமாஷ் பண்ணவில்லை. "தங்கச்சி, எங்க வீட்டுப் பட்டியல்ல இடமிருக்கு. எங்க வீட்ல ஒளிஞ்சிருக்க ஆளும் இல்ல. பெரியவன் வாஜித் கடல் தாண்டிப் போயிட்டான். எண்ண வந்தா எண்ணிட்டுப் போகட்டும்."

ஜெயம்மா அவர் காலில் விழப்போனாள். மைமூன் பிடித்துக்கொண்டாள்.

"பொறு, நான் முழுசா சொல்லல" என்றார் சுலைமான். "சேக்கிறது சுலபம். சேத்த பிறகு உள்ளதைக் கேளு. நம்ம எல்லாருக்கும் குடியுரிமை அட்டை வாங்கப் போனா கேள்வி கேப்பாங்க. உன் தாத்தா எந்தக் கப்பல்ல வந்தாருன்னு கேப்பாங்க. உங்களை ஒரு தடவை கேட்டா எங்களை மூணு தடவை கேப்பாங்க. வாஜித் அட்டைக்கு எழுதிப்போட்டு எத்தனையோ மழை பாத்துட்டான். எங்க வாப்பாவோட வாப்பா இந்த ஊர்ல குடை வித்தவரு, அவரு குடைக்குக் கீழே நனையாமப் போன அதிகாரிங்க எத்தனை பேரு. இருந்தும் கேக்குறாங்க. முஸ்லிம் வீட்டுப் பட்டியல்லேருந்து வர்ற பேரு, தங்கச்சி. நாளைக்கு உன் மகளுக்கு அட்டை எடுக்கிற அன்னிக்கு அது கனக்கும். நான் நல்லது செய்றேன்னு உன் பிள்ளை தலையில கல்லைத் தூக்கி வைக்கக் கூடாது. அதான் சொல்லிட்டேன்."

"அவளுக்கு மதம் இந்துன்னு தனியா எழுதுவாங்கள்ல, அண்ணே?"

"எழுதணும். எழுதுவாங்களான்னு கேட்டா எனக்குத் தெரியாது."

மைமூன் சொன்னாள்: "உங்க கோயில்காரங்க என்ன சொல்லுவாங்களோ, அதையும் நெனைச்சுக்கோ. நான் அவளுக்குக் கறி கூட ஊத்த மாட்டேன், நீ சொல்றதைத்தான் குடுப்பேன். ஆனா ஊர் வாயை நான் மூட முடியாது."

ஜெயம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். ஒரு பக்கம் இந்த வருஷத்துப் பள்ளிக்கூடம். இன்னொரு பக்கம் என்றைக்கோ வரப்போகிற அட்டை. எதை விட்டாலும் பிள்ளைக்குத்தான் அடி. உள்ளேயிருந்து பவானிதான் பேசினாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அம்மா, வீட்டுல வச்சுப் பூட்டிடாதேம்மா."

அவ்வளவுதான் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை எல்லாரும் பேட்டை அலுவலகத்தில் நின்றார்கள். எழுத்தர் சின்ன வயசுப் பையன், வாயில் வெற்றிலை. சுலைமான் வீட்டுப் பட்டியலை விரித்தான். முதல் வரியில் குடும்பத் தலைவர் பெயர், இனம், மதம் எல்லாம் முழுசாக எழுதியிருந்தது. அதற்குக் கீழே மைமூனுக்கும் பிள்ளைகளுக்கும் பெயர் மட்டும் எழுதி, மற்றக் கட்டங்களில் மேலே உள்ளதே என்று இரண்டிரண்டு சின்னக் கோடாக இழுத்திருந்தது. எல்லா வீட்டுக்கும் அப்படித்தான் இழுப்பார்கள். யார் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதுவது?

அவன் பவானியின் பெயரை எழுதினான். அடுத்த கட்டத்துக்குப் பேனா போயிற்று.

"தம்பி, தம்பி" என்றாள் ஜெயம்மா. "அவ இந்து. என் பட்டியலைப் பாருங்க, அதுல எழுதியிருக்கு."

"பார்த்தேன் அமா. ஒரு வீட்டுக்குள்ளே வேறு மதம் எழுதுவதானால் நான் எழுத முடியாது. குடியேற்ற அலுவலகத்துக்கு மனுப் போட்டு உத்தரவு வாங்கி வரணும்."

"எத்தனை நாளாகும்?"

"இரண்டு மாதம். மூன்று மாதம். சொல்ல முடியாது."

"சேர்க்கை இன்னியோட முடியுது, தம்பி."

"அது பள்ளிக்கூடத்துப் பிரச்சினை, அமா."

மைமூன் தன் கைப்பையை மேசைமேல் வைத்தாள். "இந்துன்னு எழுதினா உன் பேனாவுல மை தீர்ந்துடுமா, மகனே?"

"மை என்னுடையது இல்லை, அத்தை" என்றான் அவன். முகத்தைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. "கோடு போட்டால் இப்போதே முத்திரை குத்தித் தருகிறேன். பிறகு மனுப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்."

பிறகு மாற்றிக்கொள்வது என்றால் என்ன என்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். இந்த ஊரில் ஒருமுறை ஏறியது இறங்குவதற்கு ஒரு ஆயுசு போதாது.

"தங்கச்சி" என்றார் சுலைமான், "வேணாம்னு சொல்லு. இப்பவே எந்திரிச்சுப் போயிடலாம். நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்."

ஜெயம்மா பவானியைப் பார்த்தாள். அவள் சீருடைப் பச்சை லுங்கியும் வெள்ளைச் சட்டையும் போட்டு, கன்னத்தில் தனக்காப் பட்டை அரைத்துப் பூசி, பள்ளிக்கூடம் போகத் தயாராகவே வந்திருந்தாள். நாஜியா அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்திருந்த கை இடது கை. சட்டைக் கை மேலேறி அந்தத் தழும்பு தெரிந்தது.

"எழுதுங்க" என்றாள் ஜெயம்மா.

அவன் இரண்டு சின்னக் கோடு இழுத்தான். பிறகு இன்னும் இரண்டு. அப்புறம் ஜெயம்மாவின் பட்டியலை எடுத்து, அதில் பவானி என்று இருந்த பெயரின் மேல் அடிமட்டம் வைத்து ஒரு நேர்கோடு போட்டான். பாலாவின் பெயர்மேல் ஏற்கெனவே ஒரு கோடு இருந்தது. இப்போது அந்தத் தாளில் அடிபடாத பெயர் ஒன்றுதான். அவன் அதை மடித்து அவள் கையில் கொடுத்தபோது, எதை வாங்குகிறோம் என்று தெரியாததுபோல் சற்று நேரம் பிடித்தபடியே நின்றாள்.

சயாமா சொன்னபடி எதுவும் கேட்கவில்லை. முத்திரையைப் பார்த்தார், பெயரை எழுதிக்கொண்டார், எழுதி முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மழை பிடித்துப் பள்ளிக்கூடம் திறந்தது. ஊர் வாய் திறந்தது. மகளை மதம் மாற்றி விற்றுவிட்டாள் என்று கூட ஒருத்தி சொன்னாள். தங்கவேலு ஒரு நாள் ஜெயம்மா வீட்டுக்கு வந்து, மனு எழுதுவதற்குத் தான் அலைவதாகச் சொன்னார். அவள் நாற்காலி போட்டாள். மனுவில் கையெழுத்தும் போட்டாள். பேசத்தான் இல்லை. அந்த மனு எந்த மேசையில் இருக்கிறது என்று இன்றுவரை தெரியாது.

பட்டியலில் பெயர் இருக்கிற வீட்டில்தான் இரவு ஆள் இருக்க வேண்டும். எண்ணிப் பார்க்க வந்தார்கள், திரும்பவும் வந்தார்கள். அதனால் பவானி சுலைமான் வீட்டிலேயே தங்கினாள். ஜெயம்மா ஆலை வண்டியிலிருந்து இறங்கியதும் நேரே அங்கே போவாள். மகளுக்குத் தலை வாரிவிடுவாள், பாடம் வாசிக்கச் சொல்லிக் கேட்பாள். இருட்டுவதற்குள் தனியாகப் பாலம் தாண்டி வந்துவிடுவாள். வீட்டில் ஒரு தட்டுதான் கழுவ வேண்டியிருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் அவள் போனபோது மைமூன் வாசலிலேயே காத்திருந்தாள். "பதறாதே. நேத்து ராத்திரி வந்துச்சு. சீக்கிரம் விட்டுடுச்சு. ஒருக்களிச்சுப் படுக்கவச்சேன், சயாமா சொல்லிக்குடுத்த மாதிரி. நாஜியா பக்கத்துல உக்காந்து பாடத்தை உரக்க வாசிச்சா. அதுக்கு அதுதான் மருந்துன்னு நெனைச்சுக்கிட்டிருக்கு, கழுதை."

பவானி பிறந்த நாள்முதல் ராத்திரியில் வந்த எந்த வலிப்புக்கும் ஜெயம்மா பக்கத்தில் இல்லாமல் இருந்ததில்லை.

"யாரைக் கூப்பிட்டா, ராத்தா?"

மைமூனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "முழிச்சதும் அம்மான்னா. நான் குனிஞ்சேன். என் முகத்தைப் பாத்துட்டு, நாஜியா கூப்பிடுற மாதிரி உம்மான்னா. அப்புறம் ரெண்டையும் மாத்தி மாத்திச் சொல்லிக்கிட்டே தூங்கிடுச்சு."

தெருவில் மழைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஜெயம்மா நனைந்த செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"காலையில பள்ளிக்கூடம் போனாளா?"

"போகாம? நான் வேணாம்னேன். கேக்கல. போனா."

"அப்ப சரி, ராத்தா" என்றாள் ஜெயம்மா. உள்ளே போய்ச் சீப்பை எடுத்துக்கொண்டு மகளின் பின்னால் உட்கார்ந்தாள்.

கதை இவ்வளவுதான், கண்ணுகளா. எழுந்து போவதற்கு முன் தலையைக் கொஞ்சம் குனியுங்கள், கை வைக்கிறேன். உங்கள் வீட்டில் பிறந்த பெயர் ஒவ்வொன்றும் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். அதன்மேல் எந்தக் கையும் கோடு போடாமல் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் காலையில் போன கதவு வழியாகவே மாலையில் வந்து சேரட்டும். அவர்கள் இருட்டில் விழித்துக் கூப்பிடும்போது, கூப்பிட்ட ஆளே பக்கத்தில் இருக்கட்டும். அடுப்பும் உலையும் அரிசியும் குறையாமல், எல்லாரும் நன்றாக இருங்கள்.